துருப்பிடித்து இறுகிய அரவை இயந்திரத்தை மீட்கும் முறை

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

நமது கிராமங்களில் பழைய நெல் அரவை நிலையங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு ஹல்லரும், அதை ஓட்டுவதற்கென்று ஒரு காலத்தில் வாங்கிய ஆயில் எஞ்சினும் ஒட்டடை படிந்து நிற்பதைக் காணலாம். 1990ஆம் ஆண்டில் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்த பிறகு, கிணற்றடியில் இருந்த எஞ்சின்கள் பலவும் இவ்வாறே ஓய்வு பெற்றன. யாரேனும் ஒருவர் சக்கரத்தைக் கையால் திருகிப் பார்ப்பார். அது அசையாவிடில், "ஜாம் ஆகிவிட்டது, இனிப் பயனில்லை" என்று முடிவு கட்டிப் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைக்கு விற்றுவிடுவது வழக்கமாகிவிட்டது.

இறுகிப்போன இயந்திரங்கள் யாவும் கெட்டுப்போன இயந்திரங்கள் அல்ல. துரு ஓர் உறுப்பை இறுகப் பிடிக்கத்தான் செய்கிறது. அதை உடைப்பது பெரும்பாலும் அவசரத்தில் எடுக்கப்படும் சம்மட்டியே ஆகும். இந்த வேறுபாட்டை உணர்ந்து, எண்ணெய், சூடு, பொறுமை என்ற மூன்றையும் முறையாகக் கையாண்டால், எடைக்குப் போக இருந்த பல இயந்திரங்களை மீண்டும் ஓடச் செய்யலாம். அம்முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எவற்றை மீட்கலாம்?

பிரேசில் நாட்டில் எவரிஸ்டோ கொன்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த இயந்திரமே நாம் ஹல்லர் என்று வழங்கும் கருவியின் மூலமாகும். நம் ஊர்களில் காணப்படும் குறைந்த வேக எஞ்சின்களில் பல, இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் 1930ஆம் ஆண்டையொட்டித் தயாரிக்கத் தொடங்கிய மாதிரியைப் பின்பற்றியவை. இவ்வகை எஞ்சின்கள் ராஜ்கோட் முதலிய இடங்களில் ஏராளமாகச் செய்யப்பட்டன. இரண்டும் எளிய அமைப்புடையவை. கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. சாதாரணக் கருவிகளைக் கொண்டே இவற்றைப் பிரிக்கவும் பூட்டவும் முடியும்.

இவற்றின் குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். ஹல்லரில் அரிசி நொறுங்குவது அதிகம். உமியும் தவிடும் கலந்தே வெளிவரும். ரப்பர் உருளை பொருத்திய இயந்திரங்கள் இதைவிட அதிக முழு அரிசியைத் தருகின்றன. ஆகவே, வியாபாரத்திற்காகப் பச்சரிசி அரைக்க விரும்புவோருக்கு ஹல்லர் ஏற்றதன்று. ஆனால் அவித்த நெல் எளிதில் நொறுங்குவதில்லை. மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்களைச் சிறு அளவில் பயிரிடுவோர், தம்முடைய ஒன்றிரண்டு மூட்டையைப் பிறர் நெல்லோடு கலக்காமல் தனியே அரைக்கப் பெரிய ஆலைகளில் இடம் கிடைப்பதில்லை என்று குறைப்படுவதை நாம் அறிவோம். இத்தகையோருக்கும், சிறு தொழில் நடத்த முன்வரும் மகளிர் குழுக்களுக்கும் ஊரிலேயே உள்ள ஒரு ஹல்லர் பெரிதும் உதவும்.

வேலையைத் தொடங்குமுன் வார்ப்புகளை நன்கு சோதிக்க வேண்டும். அழுக்கைத் துடைத்துவிட்டு, எஞ்சினின் உடல், பிளைவீலின் ஆரக்கால்கள், ஹல்லரின் மேல்மூடி ஆகியவற்றில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடித்த வார்ப்பு உடைந்த பானைபோல் ஒலிக்கும். பிளைவீலில் வெடிப்பு இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் ஓட்டலாகாது. ஓடும்போது அது சிதறினால் உயிர்ச்சேதம் நேரும். வார்ப்பு நன்றாக இருந்தால், இறுகிய உறுப்புகளைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை.

உறுப்புகள் ஏன் இறுகுகின்றன?

இரும்பு துருவாக மாறும்போது, முன்பிருந்ததைப்போல் இரு மடங்கிற்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அதில் துரு வளர்ந்தால், ஆயிரம் சிறு ஆப்புகளை அடித்து இறுக்கியதுபோல் ஆகிவிடுகிறது. இது முதற்காரணம்.

பழைய எண்ணெய் பிசினாக மாறுவது இரண்டாவது காரணம். இது ஹல்லருக்கு மிகவும் பொருந்தும். தவிட்டில் எண்ணெய் உண்டு. அரவையை நிறுத்தியபோது உள்ளே தங்கிய தவிடு, காலப்போக்கில் பசைபோல் கெட்டியாகி உருளையையும் சல்லடையையும் ஒட்டிவிடும். மேலும் அது மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியிலுள்ள இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும்.

எஞ்சினில் ஒரு தனிக் காரணம் உண்டு. நின்றுபோன எஞ்சினில் ஏதேனும் ஒரு வால்வு திறந்த நிலையில் இருக்கக்கூடும். அதன் வழியே ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் ரிங்குகளைச் சுவரோடு பிணைத்துவிடுகிறது. புகைக்குழாய் வானத்தை நோக்கியிருந்து, அதற்கு மூடியும் இல்லையென்றால், மழைநீரே உள்ளே இறங்கிவிடும்.

எது எதனால் இறுகியது என்று அறிந்த பின்னரே மருந்து இடவேண்டும். துருவுக்கு ஒரு வழி. பிசினுக்கு வேறு வழி.

எண்ணெயும் பொறுமையும்

துருவினால் இறுகிய இடத்தை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளில் துரு படிந்திருந்தால், நட்டு கழன்று வருவதற்கு வழியே இராது. பிறகு, துருவை இளக்குவதற்கென்று கடைகளில் விற்கும் எண்ணெயையோ, டீசலையும் மெல்லிய எஞ்சின் ஆயிலையும் சம அளவில் கலந்த கலவையையோ இடவேண்டும். கெட்டியான கிரீஸ் இங்கே பயன்படாது. மயிரிழை இடுக்கில் புகக்கூடிய மெல்லிய எண்ணெயே தேவை.

ஒரே முறை நிறைய ஊற்றுவதைவிட, காலையும் மாலையும் சில துளிகள் வீதம் நான்கைந்து நாட்கள் இடுவது மேல். எண்ணெய் இட்ட பின்பு போல்ட்டின் தலையைச் சிறு சுத்தியலால் பலமுறை மெல்லத் தட்டவேண்டும். அந்த அதிர்ச்சியில் துரு நுண்ணியதாக வெடித்து எண்ணெய்க்கு வழிவிடும். தட்டுவது வேறு, அடிப்பது வேறு. ஓங்கி அடித்தால் மரை நசுங்கும், வார்ப்பிரும்பு உடைந்துவிடும்.

போல்ட்டுகளைக் கழற்றுதல்

வாய் திறந்த ஸ்பானரைவிட, போல்ட்டின் தலை முழுவதையும் கவ்விப் பிடிக்கும் ரிங் ஸ்பானரே சிறந்தது. முனைகள் மழுங்கிவிட்டால் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது.

கழற்றும் திசையில் முழுப் பலத்தையும் செலுத்துவது சரியன்று. முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசைத்துப் பார்க்கவேண்டும். பிணைப்பு விடுபட்டவுடன், கழற்றும் திசையில் சிறிது திருப்பி, மீண்டும் பின்னோக்கித் திருப்பி, எண்ணெய் இட்டு, இவ்வாறு முன்னும் பின்னுமாகவே கழற்றவேண்டும். ஒரே மூச்சில் திருகினால், பொடியான துரு மரைகளில் சிக்கி மீண்டும் இறுகும், போல்ட்டு முறிந்துபோகும். சுழலும் தண்டுகளின் முனையிலுள்ள சில நட்டுகள் இடப்புற மரை உடையவை. ஆகையால் திசையைப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

எதற்கும் இணங்காத நட்டை ஹாக்ஸாவாலோ உளியாலோ பிளந்து எடுத்துவிடலாம். நட்டு சில ரூபாய்க்குக் கிடைக்கும். அது பிடித்திருக்கும் வார்ப்பு கிடைக்காது. எதை இழந்து எதைக் காப்பது என்பதை ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். போல்ட்டு துளைக்குள்ளேயே முறிந்துவிட்டால், அதன் முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருகி எடுப்பது பட்டறைக்காரர்கள் அறிந்த வழியாகும்.

சூட்டின் உதவி

எண்ணெய்க்கு இணங்காத இடங்களில் சூடு உதவும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையைச் சுற்றியுள்ள இரும்பை, உள்ளிருக்கும் தண்டைக் காட்டிலும் 100 டிகிரி செல்சியஸ் அதிகமாகச் சூடாக்கினால், துளை ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் விரியும். இது ஒரு தலைமயிரின் பருமனே ஆயினும், பிணைப்பு விடுபட இது போதும். வெளியே உள்ள உறுப்பு மட்டும் சூடாகவேண்டும் என்பதே இதன் இரகசியம். தண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து விரியும்; பயன் இராது.

தோசைக்கல்லில் நீர் தெளித்தால் சிதறி ஓடும் அல்லவா, அந்த அளவுச் சூடே போதுமானது. இரும்பு சிவக்க வேண்டியதில்லை. சூடாக இருக்கும்போதே இடுக்கில் மெழுகுவத்தியை வைத்துத் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுக்கப்பட்டு, மரைக்கு வழவழப்பைத் தரும்.

கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. சூடு காட்டுமுன் அங்கிருக்கும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். டீசல் டாங்கை அகற்றி வெகுதூரத்தில் வைக்கவேண்டும். வாளியில் மணல் தயாராக இருக்கவேண்டும்.

2. வார்ப்பிரும்பில் ஒரே இடத்தில் தீயைக் காட்டக்கூடாது. சுற்றிலும் பரவலாகச் சூடேற்றி, தானாகவே ஆற விடவேண்டும். நீர் ஊற்றிக் குளிர்வித்தால் வார்ப்பு வெடித்துவிடும்.

3. வெள்ளை உலோகம் வார்த்த பேரிங்குகளின் அருகே தீயைக் கொண்டுபோகலாகாது. அவ்வுலோகம் எளிதில் உருகிவிடும்.

பிளைவீலும் புல்லியும்

பிளைவீல்களையும் பெல்ட் ஓடும் புல்லியையும் தண்டோடு பிணைத்திருப்பது கீ என்னும் எஃகுக் கட்டை. இது பெரும்பாலும் 100க்கு 1 என்ற வீதத்தில் சரிவாகச் செதுக்கப்பட்ட ஓர் ஆப்பு ஆகும். ஆகவே, இது எவ்வளவு இறுகியிருந்தாலும், வெளிப்புறமாகச் சிறிது நகர்ந்துவிட்டால் உடனே தளர்ந்துவிடும். கீயின் தலைக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையே இருபுறமும் சமமாக ஆப்புகளைச் செலுத்தி, நேராக வெளியே இழுக்கவேண்டும். தலையைப் பக்கவாட்டில் அடித்தால் அது முறிந்துவிடும். பிறகு அதைத் துளையிட்டே எடுக்க நேரிடும்.

புல்லியின் விளிம்பைக் கடப்பாரையால் நெம்புவதும் தவறு. நடுக் குடத்தைப் பிடித்து இழுக்கும் புல்லரையே பயன்படுத்த வேண்டும். பிளைவீல் பெருங்கனமுடையது. அது கழலும்போது தாங்குவதற்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கிய பிறகே கீயைத் தொடவேண்டும்.

ஹல்லரைத் திறத்தல்

வரிகள் அமைந்த வார்ப்பிரும்பு உருளை, அதன் அடியில் துளைகளுள்ள சல்லடை, பக்கத்தில் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதற்கான கத்தி, மேலே நெல் கொட்டும் தொட்டி ஆகியவையே ஹல்லரின் முக்கிய உறுப்புகள். உருளை சுழலாவிடில் உடனே துரு என்று எண்ணிவிடக்கூடாது. முன்னர் கூறியபடி, தவிட்டுப் பிசினே காரணமாக இருக்கலாம். வாஷிங் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டினால், டீசலுக்கு இளகாத இப்பிசின் கரைந்துவிடும். பின்பு நல்ல நீரில் கழுவி, அன்றே வெயிலில் நன்றாக உலர்த்தவேண்டும்.

கத்தியின் திருகுகள் வழியில் தவிடும் துருவும் சேர்ந்து அடைத்திருக்கும். திருகை முன்னும் பின்னுமாக அசைத்தே கழற்றவேண்டும். சல்லடை ஓட்டையாகிவிட்டதென்றால் வருந்த வேண்டியதில்லை. சல்லடையும் கத்தியும் தேய்ந்து போவதற்கென்றே அமைந்த உறுப்புகள்; புதியவை கடைகளில் கிடைக்கின்றன.

நெல் படும் இடங்களில் டீசலையோ எஞ்சின் ஆயிலையோ பயன்படுத்த நேர்ந்தால், அதன் சுவடே இல்லாதபடி சோடா வெந்நீரால் கழுவவேண்டும். அதன் பிறகு சிறிதளவு பதர் நெல்லை அரைத்து, அதில் வரும் அரிசி, தவிடு, உமி அனைத்தையும் குழியில் கொட்டி மூடிவிட வேண்டும். அந்தத் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் வைக்கக்கூடாது.

எஞ்சினை இளக்குதல்

பூட்டிய நிலையில் பிளைவீலில் நான்கு பேர் தொங்கித் திருகுவது பெருந்தவறாகும். பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லைக்கு அருகில் நின்று இறுகியிருந்தால், சக்கரத்தில் தரும் சிறு விசையும் கனெக்டிங் ராடின் மீது பன்மடங்காகச் சென்று விழும். ராடு வளைந்துவிடும், பேரிங் நசுங்கிவிடும்.

முதலில் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரையும், பின்னர் சிலிண்டரின் தலையையும் கழற்றவேண்டும். வால்வுகள் இறுகியிருந்தால், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, தண்டுக்கு எண்ணெய் இட்டு, பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டியும் சுழற்றியும் விடுவிக்கலாம்.

சிலிண்டரின் சுவரில், பிஸ்டனுக்கு மேலே படிந்துள்ள துருவை நுண்ணிய எமரி காகிதத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுக்கவேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பிஸ்டனை மேலே தள்ளினால், ரிங்குகள் முறியும். பிறகு பிஸ்டனின் மேல் எண்ணெய்க் கலவையை ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடவேண்டும். எண்ணெய் மட்டம் குறைகிறதென்றால் அது நல்ல அறிகுறி. ரிங்குகளின் ஓரமாக அது இறங்குகின்றது என்று பொருள்.

ஒரு வாரம் கழிந்தபின், பிஸ்டனின் தலையில் அகலமான மரக்கட்டையை வைத்து மரச்சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். அதே சமயத்தில் மற்றொருவர் பிளைவீலை முன்னும் பின்னுமாகச் சிறிது அசைக்கவேண்டும். பிஸ்டன் மயிரிழை நகர்ந்தால், மேலும் எண்ணெய் இட்டு, மறுநாள் தொடரவேண்டும். எல்லைக்கு அருகில் நிற்கும் பிஸ்டனாயின், கனெக்டிங் ராடின் அடிமூடியைக் கழற்றித் தண்டிலிருந்து பிரித்துக்கொண்டு, அதன்பின் பிஸ்டனைத் தனியே விடுவிப்பதே உசிதம்.

டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் பிரிக்கவேண்டாம். அவற்றின் உட்பாகங்கள் ஒன்றுக்கொன்று மிக நுட்பமாகப் பொருத்தப்பட்டவை. அவற்றுக்கென உள்ள பட்டறைகளில் கொடுத்துச் சோதிப்பதே நலம். இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலின் எதிரே ஒருபோதும் கையை நீட்டக்கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

ஓட்டுவதற்கு முன்

எஞ்சின் இளகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே ஓட்டிவிடக்கூடாது. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, அடித்தொட்டியின் ஆயிலையும் மாற்றி, டீசல் செல்லாத நிலையில் பிளைவீலைக் கையால் பல சுற்றுகள் சுழற்றிப் பார்க்கவேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும், பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டும் தடையின்றி நகர்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அத்தண்டு முழு டீசல் செல்லும் நிலையில் இறுகியிருந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும். பிளைவீல் சிதறினாலும் சிதறலாம். முதன்முறை ஓட்டும்போது, காற்று புகும் வாயை அடைப்பதற்கு ஏற்ற பலகை ஒன்றுடன் ஒருவர் அருகிலேயே நிற்கவேண்டும். சக்கரங்களுக்கு நேர் எதிரே எவரும் நிற்கலாகாது. பெல்ட்டுக்குத் தடுப்பு அமைத்த பிறகே ஹல்லரை இணைக்கவேண்டும். தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு இயந்திரத்தை நெருங்கக்கூடாது. எஞ்சினே வேண்டாம் என்போர், தகுந்த மின் மோட்டாரை வைத்தும் ஹல்லரை ஓட்டலாம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

பஞ்சாயத்துக்குச் சொந்தமான இயந்திரம் ஒன்றைப் பழுதானது என்று தீர்மானித்து ஏலம் விடுவதற்கு முன்பு, அது உடைந்ததா அல்லது இறுகியதா என்று ஒன்றியப் பொறியாளரைக் கொண்டு பார்வையிடச் செய்வது நலம். அருகில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருந்தால், மாணவர்களுக்கு இது நல்ல செய்முறைப் பயிற்சியாக அமையும் என்பதை அதன் முதல்வரிடம் எடுத்துக் கூறலாம். இயந்திரம் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தனியாருக்கோ உரியதாயின், எழுத்து மூலமான சம்மதம் பெற்ற பிறகே கை வைக்கவேண்டும். பொதுமக்களுக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுப்பதாயின், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வதும் அவசியமாகும்.

மீட்ட இயந்திரத்தைப் பேணுவது மீட்பதைவிட எளிது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஹல்லரைத் திறந்து தவிட்டைத் துடைத்து எடுக்கவேண்டும். புகைக்குழாய்க்கு ஒரு மூடி போடவேண்டும். ஓட்டாத மாதங்களிலும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பிளைவீலைக் கையால் சில சுற்றுகள் சுழற்றி, வேறொரு நிலையில் நிறுத்தவேண்டும். இதற்குக் கால் மணி நேரமும் கையளவு எண்ணெயுமே செலவாகும்.

நல்ல வார்ப்பிரும்பினால் ஆன இயந்திரம் இரண்டு தலைமுறைகளுக்கு உழைக்கக்கூடியது. ஏலத்தில் எடைக்குப் போனால் அது ஊருக்குத் திரும்பி வராது. ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் தத்தம் ஊரில் பூட்டிக் கிடக்கும் அரவை நிலையத்தை ஒருமுறை திறந்து பார்த்து, அடுத்த அறுவடைக்கு முன்பாகவே இப்பணியைத் தொடங்குவார்களாக.